கோப்பையை வென்ற கால்கள்

"அண்ணி, இந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சர்க்கரை இருக்கு. சாதாரண சர்க்கரை இல்ல, முத்திப்போன சர்க்கரை. பந்தயம் வச்சுக்கலாமா?"

மின்னல் செல்போனை மேஜைமேல் வைத்து அண்ணியின் பக்கமாகத் திருப்பினான். திரையில் ஒரு காலனியின் வரைபடம். அதன் தெருக்களில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. ஓடிய கோடு கொஞ்சக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு புள்ளி வைத்திருந்தது.

"நடக்கறவர் எங்க நின்னாலும் இந்த ஆப் ஒரு புள்ளி வச்சுடும். பாருங்க, நாலு வீடு தாண்டினா ஒரு புள்ளி. இன்னும் நாலு வீடு, இன்னொரு புள்ளி. மனுஷன் ஒவ்வொரு தடவையும் எதுக்கு நிக்கறாரு? நான் வாயால சொல்லணுமா?"

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "இப்பத்தான் சாப்பிட்டேன்."

மின்னல் என்பது பள்ளிக்கூடத்து நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர். காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் வந்து சேருவான் என்பதால் வைத்தது. அண்ணன் பெண்டாட்டி ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தபோது, அதுவரை எந்த வேலையிலும் ஒட்டாதிருந்த இந்தக் கொழுந்தன், கூப்பிடாமலே உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்டான். சம்பளம் தருவதும் அண்ணி, சோறு போடுவதும் அண்ணி. ஆகவே அவளைக் கிண்டல் செய்யும் உரிமையை மட்டும் அவன் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓட ஓட மேலே தரை சூடாகும். அண்ணி காலைத் தூக்கி நாற்காலிக் குறுக்குக் கம்பிமேல் வைத்துக்கொண்டு, காலையில் வந்த போனை மறுபடி மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

பேசியது வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு மகள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி இறந்த பிறகு அந்தக் காலனி வீட்டில் தனியாக இருக்கிறார். காலனிச் சங்கத் தலைவர் எல்லோரையும் ஆரோக்கியமாக்கியே தீருவது என்று ஒரு நடைப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்தால் யார் எங்கே போனார், எவ்வளவு நடந்தார் என்பது காலனி முழுவதற்கும் செல்போனில் தெரியும். பக்கத்து வீட்டு விஷயத்தை எட்டிப் பார்க்க முன்பெல்லாம் மாடிப்படி ஏற வேண்டியிருந்தது. இப்போது படுத்துக்கொண்டே பார்க்கலாம். அந்தப் போட்டியில் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பரிசு வாங்கினார். தலைவருக்கு இரண்டாம் பரிசு.

புதன்கிழமை மத்தியானம் தலைவர் தூங்கி எழுந்தபோது அவருடைய காது மிஷினைக் காணவில்லை. நடை ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டரின் பச்சைக் கோடு, அவர் தூங்கிய அதே நேரத்தில், அவர் வீட்டுப் பின்கட்டுக்குள் நேராக வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது.

"எங்கப்பா திருடமாட்டார் மேடம்" என்று மகள் சொல்லியிருந்தாள். "ஆனா ஞாபகம் தப்பிப்போய் எடுத்துட்டாரோன்னுதான் பயமா இருக்கு. கேட்டா பதிலே சொல்லமாட்டேங்கறார். அப்படி ஏதாவதுன்னா அவரைத் தனியா விட முடியாது. நாளைக்கே வந்து என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். வீட்டையும் வித்துடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி எனக்கு உண்மை தெரியணும்."

இன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். ஸ்டேஷன் மாஸ்டரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டுப் போலீசுக்குப் போவதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

"கிளம்பு" என்றாள் அண்ணி. "சர்க்கரையா உப்பான்னு நேர்லயே பாத்துடலாம்."

தலைவர் வீட்டு வாசலில் மின்னல் கண்டுபிடித்த முதல் துப்பு அவனுக்கு மிகவும் பயன்பட்டது. காணாமல் போனது வலது காது மிஷின். அதனால் தலைவருக்கு வலப்பக்கம் நின்று என்ன சொன்னாலும் கேட்காது. மின்னல் உடனே வலப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

"இங்கதான் படுப்பேன்" என்று தலைவர் பின்கட்டு வராந்தாவைக் காட்டினார். ஒரு மடக்குக் கட்டில், பக்கத்தில் குட்டை ஸ்டூல், அதற்கப்பால் தோட்டம், தோட்டத்தின் எல்லையில் அடர்ந்த செடி வேலி. "ரெண்டு காது மிஷினையும் கழட்டி இந்த ஸ்டூல் மேல வச்சேன். எழுந்து பாத்தா ஒண்ணு இல்ல. இன்னொண்ணு தரையில கிடக்குது."

"திருடன் ஒண்ண எடுத்துட்டு ஒண்ண விட்டுட்டுப் போனானா?" என்று அண்ணி கேட்டாள்.

"அவசரத்துல கீழ போட்டிருப்பார். அதுல ஒரே ஈரம். தரை காஞ்சுதான் கிடந்துச்சு. மிஷின் மட்டும் சொதசொதன்னு இருந்துச்சு."

"கண்ணீர் விட்டுட்டே திருடியிருப்பார்" என்றான் மின்னல் வலப்பக்கத்திலிருந்து. அண்ணி அவனை முறைத்தாள்.

"வாசக் கதவு?"

"உள்பக்கம் பூட்டு. பக்கத்துக் கேட்டும் பூட்டு. பாருங்க, கோடு வேலி வழியாத்தான் வந்திருக்கு." தலைவர் செல்போனை அண்ணியின் மூக்குக்கு நேராக நீட்டினார். "மனுஷன் ஆயிரம் பொய் சொல்லுவாம்மா. மிஷின் பொய் சொல்லாது."

"இவ்வளவு அடர்த்தியான வேலிக்குள்ள எப்படி நுழைஞ்சார்?"

"அத அவரத்தான் கேக்கணும். போட்டியில முதல் ஆளாச்சே! எங்க வேணா நடப்பார்." அந்த 'முதல்' என்ற இடத்தில் தலைவரின் குரல் கொஞ்சம் கசந்தது. "நான் தினமும் வேர்த்து ஊத்தி நடக்கறேன். காலனியில ஒருத்தர்கூட அவர் நடந்து பாத்ததில்ல. ஆனா கோடு மட்டும் என்னைவிட நீளமா ஓடுது."

"யாருமே பாத்ததில்லையா?" என்றாள் அண்ணி.

"ஆள் தெரியாத நேரமா பாத்து நடப்பார் போல. இதுலயே தெரியலயா, திருட்டுப் புத்தி!"

வெளியே வந்ததும் மின்னல் சொன்னான்: "அண்ணி, காது மிஷின் போனதுல அவருக்கு வருத்தம் கம்மி. கோப்பை போனதுலதான் வருத்தம் ஜாஸ்தி."

"அது எனக்கும் தெரிஞ்சுது. ஈரம் உனக்குத் தெரிஞ்சுதா?"

மின்னல் திருதிருவென்று விழித்தான். அண்ணி அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் நடந்தாள். அவள் இப்படித்தான், பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொள்வாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் முன்வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரு காலை எதிரிலிருந்த முக்காலிமேல் நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டிருந்தார். நரைத்த மீசை, சுத்தமாக மடித்த சட்டைக் கை. வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார், எழுந்திருக்கவில்லை.

"மகள் அனுப்பினாளா?" என்றார். "வீண் வேலை. குடிக்கத் தண்ணி வேணும்னா உள்ள இருக்கு, நீங்களே எடுத்துக்கணும்."

மின்னல் தாகமே இல்லாமல் உள்ளே போனான். அண்ணி முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாட்ச் எங்க சார்?"

"உள்ள சார்ஜ்ல இருக்கு."

"புதன்கிழமை மத்தியானம் தலைவர் வீட்டுக்குப் போனீங்களா?"

ஸ்டேஷன் மாஸ்டர் தெருவைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "போனேன்னே வச்சுக்குங்க."

"காது மிஷின எடுத்தீங்களா?"

"எடுத்தேன்னே வச்சுக்குங்க. சாயங்காலம் கூட்டத்துலயும் அப்படியே ஒத்துக்கறேன். நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. நீங்க கிளம்புங்கம்மா."

"சரி சார். எடுத்தத குடுத்துடுங்க, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு விஷயத்தை முடிச்சுடறேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எந்தக் கேள்விக்கும் அசராதவர் இந்தக் கேள்விக்கு மாட்டிக்கொண்டார். "அது... எங்கயோ வச்சுட்டேன்" என்றார் கடைசியில், மிகவும் மெதுவாக.

அவர்கள் விடைபெற்றபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும் மின்னலுக்கு வாய் பொறுக்கவில்லை.

"அண்ணி! சார்ஜர் வயர் சும்மா தொங்குது. அதுல வாட்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறம் செருப்பு ஸ்டாண்டுல மக வாங்கிக் குடுத்த நடை ஷூ இருக்கு. திருப்பிப் பாத்தேன். அடியில மண்ணே இல்ல, விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கு. கோப்பை வாங்கின ஆளோட ஷூ பிறந்த குழந்தையோட பாதம் மாதிரி இருக்கு அண்ணி!"

"பலே" என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். மின்னலுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப நான் கேஸையே முடிச்சுடறேன். இவருக்குப் பதிலா வேற எவனோ வாட்சைக் கட்டிட்டு நடக்கறான். அவன்தான் திருடன். இவருக்கு அவன் யாருன்னு தெரியும், பயந்துக்கிட்டுச் சொல்லமாட்டேங்கறார். மிரட்டியிருப்பான். பெரிய கும்பல்!"

"கும்பல் ஒரே ஒரு காது மிஷினை எடுத்துட்டுப் போகுமா?"

"ஒத்தைக் காதுக் கும்பலா இருக்கலாம்."

"நட" என்றாள் அண்ணி. "புதன்கிழமைக் கோடு எப்படிப் போச்சோ அப்படியே ஒரு அடி விலகாம நடந்து காட்டு. நான் பின்னாடியே வரேன்."

கோடு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கவில்லை. அடுத்த வீட்டு வாசலிலிருந்து தொடங்கியது. அங்கே சன்னலோரம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. படம் கொஞ்சம் விலகிக் காட்டும் என்று மின்னல் அலட்சியமாகச் சொன்னான். அண்ணி தையல்காரம்மா வீட்டு வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

முதல் புள்ளி வந்தது. மின்னல் நின்றான். எதிரே ஒரு விளக்குக் கம்பம்.

இரண்டாவது புள்ளி வந்தது. அங்கேயும் ஒரு விளக்குக் கம்பம். மூன்றாவது புள்ளியில் ஒரு வேப்பமரம், நான்காவதில் மறுபடி கம்பம்.

"சொன்னேன்ல? சர்க்கரை!" என்றான் மின்னல் வெற்றியோடு. "ஆனா பாவம், மானம் மரியாதையா ஒரு மறைவுலதான் நிக்கறார்."

"ஒரு கம்பம்கூட விடாமலா?"

"வியாதின்னா அப்படித்தான் அண்ணி."

அடுத்த புள்ளி கொஞ்சம் பெரிதாக இருந்தது. ரொம்ப நேரம் நின்றதற்கு அடையாளம். நிமிர்ந்து பார்த்தால் கறிக்கடை. கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி விசாரித்தாள்.

"அவரா? அவர் கறியத் தொடறதில்லையேம்மா. இந்தப் பக்கம் வந்தாலே மூக்கப் பொத்திட்டுப் போவார். இப்ப அவர் வந்தே பல மாசம் ஆச்சு."

மின்னலின் கும்பல் கொள்கை இன்னும் பலமானது. கறி தின்னும் திருடன், சர்க்கரை வியாதிக்காரன், ஒற்றைக் காதுக்காரன் என்று வழியெல்லாம் அவன் ஆளை வரைந்துகொண்டே வந்தான். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். அவள் சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று மின்னலுக்குத் தெரியவில்லை.

கடைசியில் கோடு தலைவர் வீட்டு வேலியில் போய் முட்டியது. மேலே அடர்ந்த செடி. கீழே, தரையோடு தரையாக, ஒரு பொந்து.

"கோடு உள்ள போகுது அண்ணி."

"அப்ப நீயும் போ."

"இது இஸ்திரி போட்ட சட்டை."

"இஸ்திரி போட்டது நான். போ."

மின்னல் செல்போனை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தான். குனிந்தால் போதவில்லை. மண்டியிட்டான். அதுவும் போதாமல் நாலு காலில் தவழ ஆரம்பித்தான். செடி காதைக் கிள்ளியது, சட்டைப் பையை இழுத்தது. ஒரு தாத்தா இந்தப் பொந்தில் எப்படி நுழைந்திருக்க முடியும் என்று அவன் முதல் முறையாக யோசித்தான். தலை மறுபக்கம் வெளியே வந்தது. அங்கே அவன் மூக்குக்கு நேரே இன்னொரு மூக்கு இருந்தது. கறுப்பாக, ஈரமாக இருந்தது.

"அண்ணி" என்றான் மின்னல், செல்போனை மெதுவாக வாயிலிருந்து எடுத்து, மற்றபடி அசையாமல். "இங்க ஒரு நாய் நிக்குது."

"நிக்கட்டும். ஆப்பத் திற. புதன்கிழமையை விடு. இப்ப, இந்த நிமிஷம் ஸ்டேஷன் மாஸ்டர் எங்க இருக்கார்னு பாரு."

"வீட்லதான் அண்ணி, நாற்காலியில. இப்பத்தான பாத்துட்டு வந்தோம்."

"பாரு தம்பி."

மின்னல் செல்போனைச் சட்டையில் துடைத்து, விரலால் தள்ளினான். பச்சைப் புள்ளி கண் சிமிட்டியது. எந்த இடம் என்று பார்த்தான். செல்போனைத் திருப்பிப் பார்த்தான். தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தான். தோட்டத்தில் யாரும் இல்லை.

"ஸ்டேஷன் மாஸ்டர் இங்கதான் இருக்கார்னு காட்டுது. இந்த வேலியில. எனக்கு முன்னாடி."

"உனக்கு முன்னாடி யார் இருக்கா?"

நாய் வாலை ஆட்டியது. அதன் கழுத்துப் பட்டையில், அழகான கைத்தையலில், பொத்தான் போட்ட ஒரு சின்னப் பை. பைக்குள் ஏதோ வட்டமாகத் தெரிந்தது. மின்னல் பொத்தானைக் கழற்றினான். உள்ளே பட்டை கழற்றிய வாட்ச் ஒன்று பச்சை வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். "சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லு தம்பி."

விளக்குக் கம்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னலின் மூளையில் எரிந்தன. கறிக்கடை எரிந்தது. சொதசொதவென்று ஈரமான காது மிஷினும் எரிந்தது. நாலு காலில் நின்றபடியே அவன் அசடு வழிந்தான். நாய் அவன் முகத்தை ஒரு நக்கு நக்கித் துடைத்துவிட்டது.

கோடு தொடங்கிய வீட்டுக்கே நாயோடு திரும்பிப் போனார்கள், தையல்காரம்மா மெஷினை விட்டு ஓடிவந்தாள். நாயைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வாசலில் நின்றால் யார்தான் ஓடிவரமாட்டார்கள்? "மந்திரி என்னம்மா பண்ணான்?" என்று கேட்டாள். யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொள்வதால் நாய்க்கு அந்தப் பெயர்.

"மந்திரி திருடினார்" என்றான் மின்னல்.

தையல்காரம்மா முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு அன்னைக்கே சந்தேகம். ஆனா வீடெல்லாம் தேடிட்டேன், கிடைக்கல. இவன்தான்னு தெரிஞ்சா தலைவர் காலனியவிட்டே துரத்திடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாதான் வாயத் தொறக்காதேன்னு சொல்லிட்டார்."

"எங்க ஒளிச்சிருக்கான்னு தேட வேண்டாம்" என்றாள் அண்ணி. "மந்திரியே சொல்லிட்டார். தலைவர் வீட்லேர்ந்து வந்ததும் அன்னைக்கு ரொம்ப நேரம் எங்க நின்னார்னு பாரு தம்பி."

கோட்டின் கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய புள்ளி இருந்தது. தையல்காரம்மா வீட்டுக் கொல்லையில், பழைய செங்கல் அடுக்குக்குப் பின்னால். மின்னல் நான்கு செங்கல்லை நகர்த்தினான். மந்திரியின் சொத்துக் குவிப்பு அம்பலத்துக்கு வந்தது: ஒற்றைக் காலுறை, கடித்த இயர்போன், டிவி ரிமோட், இரண்டு எலும்பு. எலும்புகளுக்கு நடுவில், வேர்க்கடலை அளவில், பல் பதிந்த காது மிஷின்.

"ஐயோ, என் ரிமோட்டு!" என்றாள் தையல்காரம்மா. "இத நான் என் மச்சான்தான் எடுத்துட்டுப் போனார்னு ஊரெல்லாம் சொல்லிட்டனே!"

தலைவர் காது மிஷினைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வலப்பக்கமும் கேட்க ஆரம்பித்துவிட்டதால் மின்னல் வாயைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று.

"எடுத்தது யார்?" என்றார் தலைவர்.

"உங்க போட்டியில முதல் பரிசு வாங்கினவர்தான்" என்றாள் அண்ணி.

"நான் அப்பவே சொன்னேனே!"

"இவர்தான் அவர்" என்று மின்னல் மந்திரியைத் தூக்கிக் காட்டினான். அண்ணி விஷயத்தைச் சொன்னாள். கேட்கக் கேட்கத் தலைவரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு எந்த நிறமும் இல்லாமல் போனது.

"அப்ப இவ்வளவு நாளா நான்... இந்த நாய்கூடயா..."

"ரெண்டாம் பரிசும் பரிசுதான் சார்" என்றான் மின்னல்.

தலைவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இது கூட்டத்துல சொல்ல வேண்டிய விஷயமாம்மா? காது மிஷின் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லிடறேன். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நானே போய் மன்னிப்பு கேட்டுக்கறேன். நாயப் பத்தி யாருக்கும் தெரிய வேண்டாம். கூட்டமே வேண்டாம், ரத்து!"

வெளியே வந்த மின்னல் கையைத் தட்டிக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது. மந்திரி பதவியும் தப்பிச்சுது. வாங்க அண்ணி, பசிக்குது."

அண்ணி வரவில்லை. அவள் கையில் வாட்ச் இருந்தது. "நமக்கு வேலை குடுத்தது தலைவர் இல்ல தம்பி. அந்தப் பொண்ணு. அவளுக்கு என்ன பதில் சொல்றது?"

"அப்பா திருடல, நாய்தான் திருடுச்சுன்னு சொல்லுங்க."

"நாய் ஏன் வாட்ச் கட்டியிருந்துச்சுன்னு கேப்பாளே?"

மின்னலுக்குப் பசி போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் அதே நாற்காலியில்தான் இருந்தார். அண்ணி வாட்சை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், எல்லாம் புரிந்துகொண்டார். திருட்டுப் பழி போனதற்கு அவர் முகத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

"மகள்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார். உங்களுக்கு ஞாபகம் தப்பிடுச்சோன்னு பயந்துட்டிருக்காங்க."

அவர் துண்டை விலக்கினார். முழங்கால் வீங்கிப் பளபளவென்றிருந்தது. "சுவரப் பிடிச்சுட்டு உள்ள போய் வர முடியுது. அதுக்கு மேல முடியல. இது தெரிஞ்சா அவ கூட்டிட்டுப் போயிடுவா. நல்ல பொண்ணு, நல்லா வச்சுக்குவா. ஆனா அவ வீடு ரொம்ப உசரத்துல இருக்கு, சன்னலைத் திறக்க முடியாது. காலையில புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் நான் யார்கூடப் பேசறது? இங்க மெஷின் சத்தம் இருக்கு, தெரு இருக்கு. திருடன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, இங்கயே இருந்துடலாம்னு பாத்தேன். அவ ஞாபக மறதின்னு நினைப்பான்னு தோணவே இல்ல."

"வாட்ச் யோசனை யாரோடது?" என்று அண்ணி கேட்டாள்.

"நானும் தையல்காரம்மாவும் சேந்துதான். முட்டி வீங்கின புதுசுல நடை குறைஞ்சுது. அவ போன் பண்ணா டாக்டர் பேச்சு, மருந்துப் பேச்சுதான். நடை நல்லா இருந்த நாள்ல சிரிச்சுப் பேசுவா, ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவா." அவர் மந்திரியின் காதைத் தடவினார். "அந்தச் சிரிப்புக்காகத்தான்மா. கோப்பை வரும்னு யார் கண்டா?"

மின்னலுக்குச் சொல்வதற்கு வேடிக்கையாக ஒன்றும் கிடைக்கவில்லை. தேடியும் பார்த்தான்.

"சார், உங்க பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்" என்றாள் அண்ணி. "ஆனா நான் போன் பண்றதுக்கு முன்னாடி நீங்க பண்ணா, நான் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

ஸ்டேஷன் மாஸ்டர் செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். திரையில் அவள் முகம் வந்தது. ஆபீஸ் மேஜை, பின்னால் யாரோ நடந்துபோனார்கள்.

"அப்பா! அந்த மேடம் வந்தாங்களா? ஏதாவது தெரிஞ்சுதா?"

அவருக்கு என்ன தோன்றியதோ, வாட்சை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து, துண்டின் நுனியால் சுற்றி இறுக்கிக்கொண்டார். தைரியத்துக்கு எதையாவது பிடித்துக்கொள்வது போலிருந்தது. மறுமுனையில் மகள் ஏதோ பேச வந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் கண் வேறொரு திரைக்குப் போயிருந்தது.

"அப்பா... உங்க நாடித்துடிப்பு வருது."

"என்னம்மா?"

"வாட்ச்லேர்ந்து துடிப்பு வருது. பல மாசமா வந்ததே இல்லப்பா. நடை வரும், துடிப்பு இருக்கற இடம் காலியா இருக்கும். சட்டைக்கு மேல கட்டறேன்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். ஆனா தினமும் காலையில எழுந்ததும் அந்தக் காலி இடத்தத்தான் முதல்ல பாப்பேன். நடைய அப்புறம்தான் பாப்பேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏம்ப்பா இவ்வளவு வேகமா அடிக்குது? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உன்கிட்ட ஒரு உண்மை சொல்லப்போறேன். அதான்."

மகள், பின்னால் யாரோ கூப்பிட்டதற்குக் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா சொல்லுங்க. இது அடங்கற வரைக்கும் நான் குறுக்கப் பேசமாட்டேன்."

அவர் செல்போனைத் திருப்பி முழங்காலைக் காட்டினார்.